விசிட்டிங்குக்காகச் செதுக்கிய மலை

1. கானில் வந்த சிவப்புத் தண்ணீர்

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் பண்ணைக்கு ஏறிக்கொண்டிருந்தேன். இயற்கை விவசாயச் செர்டிபிகேட்டுக்காகப் பண்ணையைப் பார்க்க ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் மிஸ் வருவதாக ஏற்பாடு. பாதி வழியிலேயே பாதையோரம் மழைத்தண்ணீர் வடிய வெட்டிய கான் நிறையச் சிவப்புத் தண்ணீர் ஓடுவதைக் கண்டேன். முதல் நாள் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மழை கொட்டியிருந்தது. சப்ரகமுவையில் மழை பெய்வதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. ஆனால் எங்கள் பண்ணைக் கானில் மழைக்குப் பிறகும் தண்ணீர் ஓரளவு தெளிவாகத்தான் வரும். வருகிறவர்களிடம் அதைக் காட்டித்தான் பெருமை அடித்துக்கொள்வோம். சிவப்பாக வந்தால் எங்கேயோ மண் கரைகிறது என்று அர்த்தம்.

வளைவைத் திரும்பியதும் எந்த மண் என்று தெரிந்துவிட்டது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் பயிர் செய்த இரண்டு ஏக்கர் சரிவு மொட்டையடித்துக் கிடந்தது. ஒரு புல் இல்லை. வல்லாரை இல்லை, தொட்டாச்சிணுங்கி இல்லை, இஞ்சிப் பாத்திகளுக்கு மேல் போட்டிருந்த இலைதழை மூடாக்கு இல்லை. மழை அடித்து இஞ்சிக் கிழங்குகள் வெளியே தெரிந்தன. மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பாதையோரக் கற்களுக்கும் சுண்ணாம்பு. பாதி கரைந்து வழிந்துபோயிருந்தது.

பதினான்கு பெண்களும் துவைத்த சேலை உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் புல் செதுக்குகிற சொரண்டி. முன்னால் நின்றவள் லெட்சுமி. பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி.

“எப்படிங்க ஐயா? பழைய வி.ஏ. தொர காலத்து மாதிரியே செஞ்சிட்டோமில்ல?” என்றாள். “நேத்து விடிய ஆறு மணிக்கு எறங்கினோம். மழ வரதுக்குள்ள முடிச்சிட்டோம்ங்க.”

வாயில் வந்ததைக் கத்தினேன். “மூளை இருக்கா ஒங்களுக்கு? யாரு புல்ல எடுக்கச் சொன்னா? எல்லாத்தையும் நாசமாக்கிட்டீங்களே!”

வரிசையில் இருந்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போனது. லெட்சுமி மட்டும் என்னைப் பார்த்தபடியே சொன்னாள். “நீங்கதானே ஐயா சனிக்கிழம வந்து, விசிட்டிங் வருது, மலை சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்க?”

சொன்னது நான்தான்.

2. நான் யார், அது என்ன பண்ணை

ஃபீல்ட் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் வேலை பழகிய சிலர் இன்று பெரிய பண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது வாசித்து என்மேல் கோபப்பட்டால் படட்டும். எனக்கே என்மேல் கோபம் தீரவில்லை.

எட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு லயத்தில் பிறந்தவன் நான். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தார். நான் கங்காணியாகத் தொடங்கி, சூப்பவைசராகி, ஃபீல்ட் ஒபிசராக ரிட்டயர் ஆனேன். அதற்குப் பிறகு இந்தப் பண்ணையில் என்னைக் கூப்பிட்டார்கள். தேயிலைக் கம்பெனி கைவிட்ட ஒரு டிவிசனைக் கொழும்பு முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்து, மிளகு, இஞ்சி, மஞ்சள், கொஞ்சம் தேயிலை என்று இயற்கை விவசாயம் தொடங்கியிருந்தார். நுழைவாயிலில் மூன்று மொழியிலும் பெரிய போர்ட். நிலையான விவசாயம், சமூகத்துக்குக் கைகொடுத்தல் என்று எழுதியிருந்தது. அந்தப் போர்டை வைத்து எத்தனை பேர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று எனக்குக் கணக்கில்லை.

மெனேஜர் ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் நன்றாக வரும். ஆனால் மலையில் இறங்கினால் தமிழ் மட்டும் வராது. அது லயத்துப் பாஷையாம்.

போர்டில் எழுதியிருந்த கைகொடுத்தலுக்கு ஒரு அடையாளம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் காடாகக் கிடந்த இந்த இரண்டு ஏக்கர் சரிவைப் பெண்கள் குழுவிடம் கொடுத்தார்கள். பதினான்கு பேரும் வேலை முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமையும் வந்து, மூங்கில் வேர் கிளப்பி, கல் பொறுக்கி, இஞ்சி நட்டார்கள். இரண்டு போகம் நல்ல விளைச்சல். அப்போது முதலாளியே வந்து ஒரு வாக்குக் கொடுத்தார். இன்ஸ்பெக்ஷனில் இந்தச் சரிவு பாஸ் ஆனால், செர்டிபிகேட்டில் குழுவின் பெயர் தனியாகப் போகும். சரிவைக் குழுவின் பொறுப்பில் விட்டு எழுத்தில் ஒரு கடிதமும் தருவேன் என்றார்.

அந்தக் கடிதம் என்னவென்று வெளியில் இருக்கிறவர்களுக்கு விளங்காது. எங்கள் ஆட்களுக்கு நிலத்தின் பேரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நாங்கள் குடியிருக்கிற லயக் காம்பரா கம்பெனியுடையது. அதற்கு முன்னால் நட்ட கறிவேப்பிலைகூடக் கம்பெனியுடையது. லெட்சுமி ஒரு நாள் என்னிடம் கேட்டாள், “அந்தக் காகிதத்துல எங்க பேரு தமிழ்ல இருக்குமாங்க ஐயா?” என்று. கேட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை.

3. விசிட்டிங் என்றால் எங்களுக்கு என்ன

தோட்டத்தில் வளராத பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். பழைய நாளில் கம்பெனி சார்பாக விசிட்டிங் ஏஜன்ட் வருவார். வி.ஏ. தொரை என்போம். தோட்டத்துத் தொரையே அவருக்குப் பயப்படுவார் என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டுமா? அவர் வருவதற்கு முதல் நாள் தோட்டமே தலைகீழாகும். கான் வெட்டுவார்கள். கற்களுக்குச் சுண்ணாம்பு. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் அவர்களுக்குக் குளிக்க வார்த்துப் பவுடர் பூசுவார்கள். மலையில் மண் தெரியப் புல் செதுக்குவார்கள். வருஷம் முழுக்கப் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் ஒரு புல் தெரிந்தால் கங்காணிக்குத் தலை போகும்.

அதாவது சாதாரண நாளில் ஒரு சட்டம், விசிட்டிங் நாளில் ஒரு சட்டம். இதைத் தலைமுறை தலைமுறையாக எங்கள் ரத்தத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் “சொன்னதச் செய்” என்பார்கள். கொஞ்சக் காலத்தில் கேட்பதையே விட்டுவிட்டோம்.

பண்ணையில் பெண்களிடம் “புல்லைத் தொடாதீங்க” என்று சொல்லியிருந்தோம். தொடவில்லை. ஏன் தொடக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையால்தான் பண்ணைக்காரர்கள் புல்லை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். பக்கத்துத் தோட்டமெல்லாம் ஆள் இல்லாமல் புல்லடைந்துதானே கிடக்கிறது? நான் சுத்தம் என்றது பிளாஸ்டிக் குப்பையை நினைத்துத்தான். அவர்கள் நினைப்பு வேறு, அதனால் விசிட்டிங் என்று நான் சொன்னதும் அவர்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வருகிறவர் புல் மண்டிக் கிடக்கும் தங்கள் மலையைப் பார்த்தால் மானம் போகும் என்று நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு, கோயிலை விட்டு, சமையலை விட்டு இறங்கினார்கள். சுண்ணாம்புகூட லயத்துக் கோயிலில் மீதியிருந்தது.

அந்த உழைப்பைப் பார்த்துத்தான் நான் மூளை இருக்கா என்று கேட்டேன்.

4. சனிக்கிழமைப் பிரசங்கம்

இப்போது ஆத்திரம் வருகிற இடத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கித்துல்கலையில் ஆற்றில் ராஃப்டிங் போகிற வெள்ளைக்காரர்கள் ஒரு வேன், இரண்டு வேன் என்று எங்கள் பண்ணைக்கு வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு மெனேஜர் நேரே பெண்களின் சரிவுக்குத்தான் வருவார். பெண்கள் கூடையோடு பின்னால் நிற்க வேண்டும். அது ஏற்பாடு. மெனேஜர் கீழே குனிந்து புல்லை விலக்கி, மண்ணைக் கையில் எடுத்துக் காட்டி, புல் எதற்கு இருக்கிறது, அதன் வேர் எப்படி மண்ணைப் பிடித்திருக்கிறது, மழை நேராக மண்ணில் விழுந்தால் என்ன நடக்கும், மூடாக்குக்குள் மண்புழு எப்படிப் பெருகும் என்று அழகாகச் சொல்வார். உண்மையிலேயே அழகாகத்தான் சொல்வார். நானே அவரிடம் கேட்டுத்தான் பாதி கற்றேன். எல்லாம் இங்கிலீஷில்.

உள்ளூர் பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் அதே விளக்கம் சிங்களத்தில். அதையும் பண்ணை ஒபிசுக்குள் வைத்துப் படம் போட்டுக் காட்டிச் சொல்வார். சரிவுக்கு வந்ததும் படம் பிடிக்கத்தான் நேரம் இருக்கும்.

ஒரு தடவை ஒரு வெள்ளைக்கார அம்மா லெட்சுமியைக் காட்டி, இவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று மெனேஜரிடம் கேட்டார். “இவங்கதான் எக்ஸ்பர்ட்” என்று மெனேஜர் இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா லெட்சுமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லெட்சுமி சிரித்தாள். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, “என்னாங்க ஐயா சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“நீ நல்லா வேலை செய்யிறன்னு சொன்னாங்க” என்றேன்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். நாங்கள் உலகத்துக்கே உபதேசம் செய்துகொண்டிருந்தோம். அந்த மண்ணைப் புரட்டிய பதினான்கு பேருக்கு மட்டும் செய்யவில்லை. மெனேஜரைத் திட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை. அவருக்குத் தமிழில் பேச வெட்கம். எனக்கு என்ன கேடு? நான் அதே லயத்தில் பிறந்தவன். பெரிய ஹோட்டலில் மூன்று நாள் ட்ரெய்னிங்கும் போய் வந்தவன். வந்து சொல்லியிருக்கலாம். வேலைக்காரர்களுக்கு உத்தரவு போதும், காரணம் எதற்கு என்று முப்பது வருஷம் பழகிய புத்தி. என்னை யாரும் காரணம் சொல்லி வளர்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவு கேவலமான விஷயம் இது.

5. மழைக்கோட்டுக்குப் போட்ட கையெழுத்து

இன்ஸ்பெக்ஷனுக்கு ஃபைல் வேண்டும். மண்ணைப் பாதுகாப்பது பற்றிக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்ததாக, திகதி போட்டு, வந்தவர்களின் கையெழுத்தோடு ஷீட் இருக்க வேண்டும். மூன்று ஷீட்.

“ட்ரெய்னிங் வைக்க எங்கே நேரம்? ஷீட்டை நிரப்பிடுங்க” என்று மெனேஜர் ஒபிசில் வைத்துச் சொன்னார். அதையும் சிங்களத்தில்தான் சொன்னார்.

அந்த வாரம் பெண்களுக்கு மழைக்கோட்டுக் கொடுத்தோம். வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கும்போது, கீழே இருந்த மூன்று ஷீட்டிலும் சேர்த்து வாங்கிவிட்டேன். தலைப்பு இங்கிலீஷில் இருந்தது. ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. ஐயா நீட்டினால் போட வேண்டியதுதான். பயிற்சி கொடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தை நானே போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வயதிலேயே படித்தவன்தான்.

6. இன்ஸ்பெக்டர் மிஸ்

மிஸ் ரம்புக்கனைப் பக்கத்துச் சிங்களவர். இளம் பெண், அதிகம் பேசமாட்டார். வேனை விட்டு இறங்கி, சேற்றுக்குச் சப்பாத்தைக் கழற்றி, கம் பூட்ஸ் போட்டுக்கொண்டு நேரே சரிவுக்கு வந்தார். பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து, வழிந்துபோன மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். என்ன நடந்தது என்று மெனேஜரிடம் சிங்களத்தில்தான் கேட்டார்.

மெனேஜர் இங்கிலீஷுக்கு மாறினார். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் ஓடும். அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். லயத்து ஆட்களை நாங்கள் கட்டுப்படுத்த முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் இருந்து களைமருந்து கொண்டுவந்து எங்களுக்குத் தெரியாமல் அடித்திருப்பார்கள். இந்தக் குழுவை நீக்கிவிடுங்கள், பண்ணையின் மற்ற இடங்கள் சுத்தம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு உடனே விளங்கியது. பெண்கள் களவாக மருந்தடித்தார்கள் என்றால் குழு மட்டும் போகும். பயிற்சி கொடுக்காததால் நடந்தது என்றால் பண்ணையின் செர்டிபிகேட்டே போகும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். விளங்கியும் நான் வாயைத் திறக்கவில்லை.

பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் ‘ஸ்ப்ரே’ என்ற சொல் தெரியாத ஆள் எந்த லயத்திலும் இல்லை. லெட்சுமி சட்டென்று முன்னால் வந்தாள்.

“அபி பெஹெத் கெஹுவே நே, மிஸ்!” என்றாள். நாங்கள் மருந்தடிக்கவில்லை என்று. எங்கள் பக்கத்துப் பெண்களின் சிங்களத்தைக் கேட்டால் பிறந்த சிங்களவர்களே வித்தியாசம் பிடிக்கமாட்டார்கள். அதை மெனேஜர் மறந்துவிட்டார்.

லெட்சுமி சரிவின் ஓரத்துக்கு ஓடினாள். செதுக்கிய புல்லை அங்கே குவியலாக அடுக்கி, மேலே தென்னோலை போட்டு மூடியிருந்தார்கள். வருகிறவர் கண்ணில் குப்பை படக்கூடாது என்ற விசிட்டிங் ஒழுங்கு. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து மிஸ்ஸின் காலடியில் போட்டாள். புல் பச்சையாக, வேரோடு, வேரில் மண்ணோடு இருந்தது.

“மருந்தடிச்ச புல்லு இப்படியா மிஸ் இருக்கும்? கருகி மஞ்சளால்ல கெடக்கும்? பாருங்க, பதினாலு பேர் கையையும் பாருங்க” என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்துக் காட்டினாள். கொப்புளம் உடைந்திருந்தது.

மிஸ் ஒரு புல்லை எடுத்து வேரைப் பார்த்தார். தலையாட்டினார். மருந்து இல்லை என்று எழுதிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. அது நிலைக்கவில்லை.

“அப்படியானால் ஏன் செதுக்கினீர்கள்? இப்படிச் செய்யக்கூடாது என்று உங்களுக்கு மூன்று முறை பயிற்சி கொடுத்திருக்கிறார்களே” என்று மிஸ் ஃபைலைத் திறந்தார். ஷீட்டைக் காட்டினார். “இது உங்கள் கையெழுத்துத்தானே?”

லெட்சுமி ஷீட்டைப் பார்த்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள். கீழே என் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இனி என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“ஆமா மிஸ். என் கையெழுத்துத்தான்” என்றாள். “ஐயா பழக்கித்தான் குடுத்தாரு. நாங்கதான் மறந்துட்டோம்.”

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ தொரைமார் என்னை ஏசியிருக்கிறார்கள். ஒரு தொரை தொப்பியால் அடித்திருக்கிறார். ஒருவர் சொல்லும் எனக்கு இந்த அளவு உறைக்கவில்லை. அந்தச் சரிவுக்காக இரண்டு வருஷம் நாயாக உழைத்தவள், அது கையை விட்டுப் போகிற நேரத்தில், காலையில் தன்னை மூளையில்லாதவள் என்று ஏசிய என்னைக் காப்பாற்றுகிறாள்.

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. “மிஸ், பயிற்சி நடக்கவேயில்லை” என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன், எல்லாருக்கும் விளங்கட்டும் என்று. “மழைக்கோட்டுக் கொடுக்கும்போது நான்தான் இந்தக் கையெழுத்தை வாங்கினேன். புல் ஏன் வேண்டும் என்று இவர்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. சுத்தமாக வைக்கச் சொன்னதும் நான்தான்.”

மெனேஜர் என் பக்கம் திரும்பினார். முகம் கறுத்துவிட்டது.

“ஐயா, வாய மூடுங்க” என்றார்.

நான் அந்தப் பண்ணையில் இருந்த காலத்தில் அவர் மலையில் நின்று பேசிய முதல் தமிழ் அதுதான்.

7. வரம் கொடுத்த சாமியும் விடாத பூசாரியும்

மிஸ் நியாயமாகத்தான் எழுதினார். பயிற்சி ஃபைல் பொய், பண்ணை அதைத் திருத்த வேண்டும். குழுவின் சரிவில் மருந்து இல்லை. புல்லையும் மூடாக்கையும் திரும்பக் கொண்டுவந்து, குழுவுக்குத் தமிழில் உண்மையான பயிற்சி கொடுத்தால் அடுத்த போகம் மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். பெண்களிடம் நின்று சிங்களத்தில் அதைச் சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினார். அழிந்தது திரும்ப வளரும் என்று அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. அன்றே என் வேலை போனது. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை, போக வேண்டிய வேலைதான்.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே.

இரண்டு மாதம் கழித்து லெட்சுமி ஆள் அனுப்பினாள். ஒரு கடிதம் வந்திருக்கிறது, இங்கிலீஷில் இருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்று. போனேன். கடிதத்தோடு நிலத்தை வரைந்த ஒரு மெப்பும் இருந்தது. பண்ணையின் புதிய மெப்பில் அந்த இரண்டு ஏக்கரும் பயிர் நிலம் இல்லை. பச்சைக் கோடு போட்டு ‘பஃபர்’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மருந்துக் காற்று பண்ணைக்குள் வராமல் தடுக்க விடுகிற காட்டு நிலம் என்று அர்த்தம். பயிர் நிலமே இல்லை என்றால் அங்கே குழுவும் இல்லை, பயிற்சியும் வேண்டாம், இன்ஸ்பெக்டர் மிஸ் திரும்ப வந்து பார்க்கவும் ஒன்றுமில்லை. ஒரு பென்சில் கோட்டில் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது. குழுவின் ஒத்துழைப்புக்கு நன்றி என்று கடிதம் முடிந்திருந்தது.

நான் முதலாளிக்குப் போன் எடுத்தேன். “ஐயா, கம்யூனிட்டிக்கு நாங்க எவ்வளவு செய்யிறோம்னு உங்களுக்கே தெரியும்” என்றார். வாக்குக் கொடுத்ததை ஞாபகப்படுத்தினேன். “பாஸ் ஆனால்னுதானே சொன்னேன்” என்றார். வைத்துவிட்டார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் வேன் வருகிறது. பெண்கள் இன்னொரு மலையில் நாள் கூலிக்குக் கூடையோடு நிற்கிறார்கள். போர்ட் அப்படியேதான் இருக்கிறது, புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கல்லெடுத்து எறிய வேண்டும்போல் இருக்கிறது. இந்த வயதில் அது நன்றாக இருக்காது என்று பேசாமல் வருகிறேன்.

8. பீலியடியில்

கடிதத்தை வாசித்துச் சொன்ன அன்று பெண்கள் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாசித்து முடித்ததும் யாரும் அழவில்லை. ஒருத்தி வாளியை எடுத்துப் பீலிக்கு நேரே வைத்தாள்.

லெட்சுமிதான் கேட்டாள். “சரிங்க ஐயா. அது போனது போகட்டும். அந்தப் புல்லு எதுக்குங்க வேணும்? இப்பவாச்சும் சொல்லுங்க.”

சொன்னேன். தமிழில், எங்கள் பேச்சில் சொன்னேன். சரிவான மலையில் மழை நேரே மண்ணில் விழுந்தால் மேல்மண் கரைந்து ஓடிவிடும். இஞ்சிக்குச் சாப்பாடு அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது. புல்லும் மூடாக்கும் மழையைத் தாங்கிக்கொள்ளும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதனால் புல் உயர்ந்தால் நுனியை வெட்டி அங்கேயே போட வேண்டும், செதுக்கக்கூடாது. வருகிற இன்ஸ்பெக்டர் பார்ப்பதும் அதைத்தான். அந்தப் புல் வேலை செய்யாததன் அடையாளம் இல்லை, அதுதான் வேலை.

சொல்லி முடிக்கும்போது ஒரு வாளிதான் நிறைந்திருந்தது.

“அவ்வளவுதானாங்க?” என்றாள் லெட்சுமி.

“அவ்வளவுதான்.”

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க ஒரு புல்லுல கை வச்சிருப்பமாங்க ஐயா? வெள்ளக்காரவுங்களுக்கு வாராவாரம் சொன்னீங்க. நாங்க பக்கத்துலதானே நின்னோம்.”

அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஃபீல்ட் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, மண்ணைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் புத்தகத்தில் படித்துக்கொள்வீர்கள். நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வேலையைச் செய் என்று சொன்னால், ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். செய்கிறவருக்கு விளங்குகிற மொழியில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்பதற்காகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். கேட்கக்கூடாது என்று பழக்கியவர்கள் நாம்தான். சொல்லாத பயிற்சிக்குக் கையெழுத்து வாங்கச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். நான் போகவில்லை. ஒரு வாளி நிறைகிற நேரத்தை நான் கொடுக்காததால், பதினான்கு பேருக்குக் கிடைக்க இருந்த நிலம் போனது.